மூன்றாவது எடுத்துக்காட்டில் என் அப்பா

1

இந்தக் கதை எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கோபத்தில் வந்தது. போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பாக்கார் ஆராங்கில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், என் மகள் நளினி ஓர் ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்து என் முன்னால் தள்ளி, "அப்பா, இது தாத்தாவா?" என்று கேட்டாள். அன்றைக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. போகட்டும் என்று ஆறு மாதம் காத்திருந்து பார்த்தேன். சரி, எழுதித் தொலைப்போம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நான் வசந்தன். கூலிமில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக வேலை. அடுத்தவன் செய்ததில் குறை கண்டுபிடிக்கச் சம்பளம் தருகிறார்கள். ஷிப்ட் இல்லாத நாளில் சிறுகதை எழுதுவேன். மூன்று ஆறுதல் பரிசு வாங்கியிருக்கிறேன். எனக்குத் தத்துவம் தெரியாது என்பதை இங்கேயே ஒப்புக்கொள்கிறேன்.

அந்தப் புத்தகத்தை எழுதியவருக்குத் தெரியும். பேராசிரியர் காஞ்சனா. அறத்தையும் அரசியலையும் பற்றிச் சிந்திப்பதே அவருக்குத் தொழில். வெளிநாட்டில் பெரிய பல்கலைக்கழகத்தில் இருக்கிறார். அரசாங்கங்களே கூப்பிட்டுக் கருத்துக் கேட்கின்றனவாம். எங்கள் தோட்டத்துப் பிள்ளை. எங்கள் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், எங்கள் வீட்டிலிருந்து நான்காவது வீடு.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "விடியற்காலைப் பனி ரப்பர் மரங்களின் மேல் மெல்ல..." அடித்துவிட்டேன். பனியும் ரப்பர் மரமும் இல்லாமல் மலேசியத் தமிழன் கதை தொடங்கக் கூடாது என்று யார் சட்டம் போட்டது?

இரண்டாவது: "விமானத்தை விட்டு இறங்கிய காஞ்சனாவின் நெஞ்சில், பிறந்த மண்ணின்..." இதையும் அடித்தேன். அவர் நெஞ்சில் என்ன இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? ஜெட்லாக் இருந்திருக்கலாம்.

மூன்றாவது தொடக்கம் என்னுடையது இல்லை, அவருடையது. நளினி காட்டிய பக்கத்தைத் தமிழில் தருகிறேன்.

"மூன்றாவது எடுத்துக்காட்டு. ஒரு தோட்டத்தில் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய தலைவரை எல் என்போம். நிர்வாகம் கொடுக்கும் ஒரு கடிதத்தை அவர்களால் படிக்க முடியவில்லை. சி என்ற சிறுமி படித்துக் காட்டுகிறாள். கடைசிப் பத்தி அவளுக்குப் புரியவில்லை. அதைச் சொல்ல வெட்கப்பட்டு, நன்றி கூறி முடித்திருக்கிறார்கள் என்று எல்லிடம் சொல்கிறாள். எல் முதலில் கைநாட்டு வைக்கிறார். அவரை நம்பி மற்றவர்களும் வைக்கிறார்கள். அந்தக் கடைசிப் பத்தியால் எல்லாரும் வீட்டை இழக்கிறார்கள். பழி எல் மேல் விழுகிறது. சி பேசாமல் இருந்துவிடுகிறாள். எல் குற்றமற்றவர். ஆனால் நடந்தது அவருக்குத் தெரியாது. தெரியாததை ஒருவர் மன்னிக்க முடியாது. அப்படியானால் சி யாரிடம் மன்னிப்புக் கேட்பாள்?"

இந்தக் கேள்விக்கு நாற்பது பக்கப் பதில். அந்த நாற்பது பக்கத்தை ஆதரித்தும் மறுத்தும் உலகம் முழுக்கக் கட்டுரைகள். இதற்கு 'எல் பிரச்சினை' என்று பெயரே வைத்துவிட்டார்களாம்.

"எங்க லெக்சரர் போன செமஸ்டர் இதத்தான்பா எக்ஸாம்ல கேட்டாரு" என்றாள் நளினி.

என் அப்பா பெயர் சின்னையா. அவர் பத்து மதிப்பெண் கேள்வியாக இருக்கிறார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

3

இனி நடந்ததை நடந்தபடி எழுதப் பார்க்கிறேன்.

1993. ஏழாங்கட்டைத் தோட்டம். (பெயரை மாற்றியிருக்கிறேன். பயந்து இல்லை. பயப்படுவதற்கு அங்கே இப்போது தோட்டமும் இல்லை, ஆபீசும் இல்லை.) காலையில் பெரட்டு முடிந்து, அதாவது ஆள் கணக்கு எடுத்து முடித்து, எல்லாரும் மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்க, கிளம்புகிற நேரம். கிராணி ஆபீசிலிருந்து மலாயில் தட்டச்சு செய்த ஒரு கடிதத்தோடு வந்தார். கிராணி என்றால் தோட்டத்துக் கணக்கர். தோட்டம் கைமாறப் போகிறது, எல்லாரும் ஒப்புதல் தர வேண்டும், இன்றைக்கே வேண்டும் என்றார்.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம். எந்தக் கடிதம் வந்தாலும் பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கூப்பிட்டு நடுவில் நிற்கவைத்துப் படிக்கச் சொல்வார்கள். கிராணியைக் கேட்க மாட்டார்கள், அவர் ஆபீஸ் ஆள். நம் பிள்ளை படித்தால் நம் வாய் படித்த மாதிரி. பிள்ளை நிற்காமல் கடகடவென்று படித்தால் போதும், எல்லாருக்கும் திருப்தி. புரிந்ததா என்று எந்தப் பிள்ளையையும் யாரும் கேட்டது கிடையாது. அந்தக் கூட்டத்தின் நடுவில் திக்கி நின்றுவிடுவதைப் போல ஓர் அவமானம் அந்த வயதில் வேறு இல்லை.*

காஞ்சனாவுக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிச் சீருடையில் வந்து நின்றாள். மூன்று பத்தியைப் படித்து, படித்ததைத் தமிழிலும் சொன்னாள். வேலை போகாது, சம்பளம் குறையாது. ஆட்கள் அதற்குள் வாளியைத் தூக்க ஆரம்பித்துவிட்டார்கள். நான்காவது பத்தியில் வாய் நின்றது. பக்கத்தில் நின்ற கோயில் தலைவர், என் அப்பா, குனிந்து கேட்டார்.

"இது என்னாம்மா போட்டிருக்கு?"

"கீழ நன்றின்னு போட்டிருக்கு மாமா."

புது முதலாளி நிலத்தைக் கேட்கிற நாளிலிருந்து முப்பது நாளில் வீட்டைக் காலி செய்வோம், மாற்று வீடு கேட்க மாட்டோம் என்று போட்டிருந்தது.

இங்கே ஓர் ஆளை நீங்கள் கவனிக்க வேண்டும். கிராணி. மூன்றடி தள்ளி நிற்கிறார். தமிழர். அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்ததே அவர்தான். பிள்ளை 'நன்றி' என்று சொன்னது அவர் காதில் விழுகிறது. அவர் செய்தது என்ன தெரியுமா? மை டப்பாவைத் திறந்து என் அப்பா முன்னால் நீட்டினார்.

பேராசிரியரின் புத்தகத்தில் சிறுமிக்கு ஓர் எழுத்து உண்டு. தலைவருக்கு ஓர் எழுத்து உண்டு. கிராணிக்கு எழுத்தே கிடையாது. நானூறு பக்கத்தில் ஓர் இடத்திலும் அவர் இல்லை. கடிதத்தை எழுதச் சொன்ன துரைமாரும் இல்லை. அவர்கள் 'நிர்வாகம்' என்ற ஒரு சொல்லுக்குள் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறார்கள். அறத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மனிதரும் மட்டும்தானா? எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

(கிராணியின் பெயரை ஏன் எழுதவில்லை என்று கேட்பீர்கள். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். பேரப்பிள்ளைகள் எங்கள் பக்கத்துத் தாமானில், அடுத்த குடியிருப்பில், இருக்கிறார்கள், நல்ல பிள்ளைகள். அப்பாவுக்கு யாரும் காட்டாத இந்தப் பெருந்தன்மையை நான் எதற்குக் காட்டுகிறேன் என்று தெரியவில்லை.)

* அன்றைக்கு முதலில் என்னைத்தான் கூப்பிட்டார்கள். எனக்குப் பதினைந்து வயது, மூன்றாம் படிவம், தலைவர் மகன். எனக்குச் சரியாகப் படிக்க வராது என்பது ஊருக்குத் தெரிந்துவிடும் என்று கக்கூசுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். ஆகவே மேலே எழுதியது எதையும் நான் கண்ணால் பார்க்கவில்லை. பாதி காஞ்சனாவின் புத்தகம், மீதி வெகு காலம் கழித்து அப்பா சொன்னது.

4

இரண்டு வருடம் கழித்து நிலத்தைக் கேட்டார்கள். யூனியன்காரர் ஒருவர் வந்து, கோயில் முன்னால் எல்லாரையும் உட்காரவைத்து அந்தக் கடிதத்தை முழுதாகப் படித்தார். நான்காம் பத்தியைப் படித்ததும் நாற்பத்தொரு குடும்பமும் திரும்பி அப்பாவைப் பார்த்தது. இதற்கு நான் இருந்தேன்.

அப்பா எழுந்து, "இந்தக் கடைசிப் பத்தி அப்ப கடுதாசியிலயே இல்ல. பின்னால சேத்துப்புட்டானுங்க" என்றார்.

யூனியன்காரர் காகிதத்தைத் தூக்கிக் காட்டினார். பத்திக்குக் கீழேதான் அப்பாவின் கைநாட்டு, நீலமாக, பெரிதாக இருந்தது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு என் அப்பா கதை முடிந்தது.

தெரியாமல் வைத்தேன் என்றிருந்தால் திட்டிவிட்டு விட்டிருப்பார்கள். இப்படி ஒரு பச்சைப் பொய்யைச் சொன்னதால், காசு வாங்கிக்கொண்டுதான் வைத்தான் என்று ஆகிவிட்டது. அந்த வருடம் சுங்கை பட்டாணியில் இருக்கும் என் மாமா தன் பழைய மோட்டார் சைக்கிளை அப்பாவிடம் கொடுத்திருந்தார். அது மானேஜர் கொடுத்த பைக் ஆனது. கோயில் தலைவர் பதவி போயிற்று. லயத்தை இடித்து எல்லாரும் லூனாஸ் பக்கம் மலிவு விலை வீடுகளுக்குச் சிதறிய பிறகும் பைக் கதை மட்டும் சிதறாமல் கூடவே வந்தது. கல்யாணப் பத்திரிகை எங்கள் வீட்டைத் தாண்டிப் போகும். அம்மா இறந்தபோது தோட்டத்து ஆட்கள் ஒன்பது பேர் வந்தார்கள். ஒன்பது பேரும் வாசலில் நின்றுவிட்டுப் போனார்கள்.

என்னோடு வந்து இருங்கள் என்று பலமுறை கூப்பிட்டிருக்கிறேன். "நான் லூனாச விட்டுப் போனா ஓடிட்டான்னு சொல்வானுங்க" என்பார்.

இந்த முப்பது வருடத்தில் காஞ்சனா உதவித்தொகையில் விடுதிப் பள்ளிக்குப் போய், அங்கிருந்து வெளிநாடு போய், டாக்டர் பட்டம் வாங்கி, பேராசிரியர் ஆகி, எல் குற்றமற்றவர் என்று நிரூபித்தார். ஆங்கிலத்தில் நிரூபித்தார். லூனாசில் ஓர் ஆள்கூடப் படிக்காத மொழியில், பெயர் போடாமல், ஓர் எழுத்தின் பேரில் என் அப்பாவுக்கு விடுதலை கிடைத்திருக்கிறது. நான் கோபப்படக் கூடாதா?

5

நளினி புத்தகத்தைக் காட்டிய அன்று சாயங்காலமே லூனாசுக்குப் போனேன். அப்பாவின் பிளாட்டில், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன். அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டார்.

"எனக்குத் தெரியாதுன்னா எழுதியிருக்கு?"

"ஆமாப்பா. ஒங்களுக்கு விஷயமே தெரியாது, அதனால மன்னிக்க முடியாதுன்னு."

"ம்."

"என்னாப்பா, ம்?"

"நல்லா படிக்கிற புள்ள அது" என்றார். சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

எனக்கு அப்பா மேலும் கோபம் வந்தது. முப்பது வருடம் திருடன் பட்டம் சுமந்த மனிதர், தொலைக்காட்சி பார்க்கிறார். வயதாகிவிட்டது, விளங்கவில்லை என்று நினைத்துக்கொண்டு இறங்கி வந்தேன்.

6

இது எனக்கு வெட்கமான பகுதி. சுருக்கமாக எழுதுகிறேன்.

இரண்டு மாதம் கழித்து, காஞ்சனா ஊருக்கு வருகிறார், லூனாசில் பாராட்டு விழா, சிறப்பு மலர் போடுகிறோம் என்று தோட்டத்துப் பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கத் தலைவர் மனோகரன் அண்ணன் கூப்பிட்டார். "நம்ம தோட்டத்து எழுத்தாளர்னா நீதான் தம்பி. வாழ்க்கை வரலாறு ரெண்டு பக்கம் எழுதிக் குடு."

எழுதினேன். பெரட்டுக் களத்தில் நடந்ததையும் எழுதினேன். மறுநாளே போன் வந்தது.

"தம்பி, அந்தக் கடுதாசி விஷயம் வேணாம்லா. நல்ல காரியத்துல போயி ஏன்?"

"அண்ணே, அதுதாண்ணே அவங்க புஸ்தகமே."

"புஸ்தகத்துல இருக்கட்டும். மலர்ல வேணாம். ஒங்கப்பாவப் பத்தி மறுபடியும் நாலு பேரு பேசணுமா, சொல்லு?"

எடுத்துவிட்டேன். அப்பாவுக்காக எடுத்தேன் என்று என்னிடம் நானே சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், ஆர்ட் பேப்பரில் என் பெயர் வரப்போகிறது, அது வராமல் போய்விடுமோ என்று பயம். கடைசிப் பத்தியை எடுத்துவிட்ட இடத்தில், மலரில் எழுத வாய்ப்பளித்தோருக்கு நன்றி என்று போட்டு முடித்தேன். அச்சில் பார்த்தபோதுதான் உறைத்தது. அன்றைக்குக் காஞ்சனாவுக்குப் பன்னிரண்டு வயது. இன்றைக்கு எனக்கு நாற்பத்தேழு.

7

(இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம். காஞ்சனாவை நான் வில்லியாக்கிக்கொண்டு வருகிறேனோ? எதிர்க்கட்சியையும் பேசவிடுவோம். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் ஒரு குழந்தையை நிறுத்தி நாற்பத்தொரு குடும்பத்தின் தலையெழுத்தைப் படி என்று கொடுத்தது யார் குற்றம்? அந்தப் பிள்ளை இதை மறக்காமல், வாழ்நாள் முழுக்க இதையே யோசிக்கிற தொழிலுக்குப் போயிருக்கிறது. மறந்துவிட்டு நகைக்கடை வைத்திருக்கலாம். நியாயம்தான். ஒத்துக்கொள்கிறேன்.

ஆனாலும், யோசிப்பது ஒன்று, வந்து சொல்வது ஒன்று. விமானச் சீட்டு எடுத்து எத்தனையோ மாநாட்டுக்குப் போனவருக்கு லூனாஸ் வழியில் படவே இல்லையா? நான் மட்டும் என்ன, அவரை இப்போது ஒரு கதாபாத்திரம் ஆக்கி என் வசதிக்கு நடக்கவிட்டுக்கொண்டிருக்கிறேன். அவர் என் அப்பாவை எடுத்துக்காட்டாக்கினார், நான் அவரைக் கதையாக்குகிறேன். இந்தப் பத்தியை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். பத்தி எடுக்கிற வேலையே இனி வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.)

8

விழா சனிக்கிழமை காலை, லூனாசில் ஒரு மண்டபத்தில். தோட்டத்துச் சனம் முக்கால்வாசி வந்திருந்தது. அப்பாவுக்கு அழைப்பு இல்லை. என் காரில் வந்தார். "நம்ம தோட்டத்துப் புள்ள, போய்ப் பாக்கணும்" என்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். கடைசி வரிசையில் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்தார். அவருக்கு இரண்டு பக்கமும் இருந்தவர்கள் எழுந்து வேறு இடத்துக்குப் போனார்கள். நான் வந்து ஒரு பக்கம் உட்கார்ந்தேன்.

மாலை, பொன்னாடை, மலர் வெளியீடு. காஞ்சனா இருபது நிமிடம் நீதியைப் பற்றிப் பேசினார். நல்ல தமிழ். "இந்தத் தோட்டம்தான் எனக்குச் சிந்திக்கக் கற்றுக்கொடுத்தது" என்றார். கைதட்டினார்கள். நானும் தட்டினேன், பழக்கதோஷம்.

பிறகு சாப்பாடு. மீஹூனுக்கு வரிசை நின்றது. காஞ்சனா படம் எடுத்துக்கொண்டவர்களை விலக்கிக்கொண்டு நேரே கடைசி வரிசைக்கு வந்தார். அப்பாவின் காலைத் தொட்டார். பக்கத்தில் உட்கார்ந்தார். இந்த உரையாடலில் ஒரு சொல்லையும் நான் சேர்க்கவில்லை, குறைக்கவும் இல்லை.

"மாமா, நான் காஞ்சனா."

"தெரியுதும்மா. நல்லா பேசுன."

"ஒங்கள பத்தி என் புஸ்தகத்துல எழுதியிருக்கேன் மாமா. பேரு போடல. ஒங்க மேல தப்பே இல்லன்னு எழுதியிருக்கேன்."

"மகன் சொன்னான்."

"ஒங்ககிட்ட ஒன்னு சொல்லணும். அன்னிக்கு அந்தக் கடைசிப் பத்தி..."

"நன்றின்னு சொன்ன."

காஞ்சனா அப்பாவையே பார்த்தார்.

"யூனியன்காரர் படிச்ச அன்னிக்கே தெரியும்மா எனக்கு" என்றார் அப்பா. "படிக்கத் தெரியாட்டியும் கடுதாசி எத்தன பத்தின்னு எண்ணத் தெரியாதா? நாலு இருந்திச்சி. நாலாவதுலதான் ஒனக்கு வாய் நின்னுச்சி. கிராணியும் கேட்டுக்கிட்டேதான் மைய நீட்டுனான்."

"பின்ன ஏன் மாமா, அந்தப் பத்தியே அப்ப இல்லன்னு சொன்னீங்க? நீங்க நெசமா அப்படித்தான் நம்புனீங்கன்னு நான்..."

"வேற என்னா சொல்லச் சொல்ற? புள்ள தப்பாச் சொல்லிருச்சின்னு சொன்னா, நாப்பத்தோரு வீடும் ஒங்கம்மா வாசல்ல வந்து நின்னிருக்கும். பன்னெண்டு வயசுப் புள்ள மேல போடச் சொல்றியா?"

காஞ்சனா அழ ஆரம்பித்தார். நாற்பது பக்கமும், அதன் மேல் உலகம் எழுதிய கட்டுரைகளும், நளினியின் லெக்சரர் கேட்ட பத்து மதிப்பெண்ணும் அந்த இடத்தில் கவிழ்ந்தன. எல்லுக்குத் தெரியும். யூனியன்காரர் படித்த அன்றிலிருந்தே தெரியும். தெரிந்தேதான் திருடன் பட்டத்தை எடுத்துப் போட்டுக்கொண்டார். எனக்கே தெரியாது. முப்பது வருடம் அவரை ஒரு பொய்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாத மனிதர் என்று நினைத்திருந்தேன். கக்கூசுக்குள் ஒளிந்த அன்று பட்ட வெட்கமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

மேடையில் மனோகரன் அண்ணன், வழியை மறித்து நிற்கும் ஒரு வெள்ளைக் காரை எடுக்கச் சொல்லி மைக்கில் எண்ணைப் படித்துவிட்டு இறங்கினார். மைக் சும்மா நின்றது. சனம் தட்டோடு உட்கார்ந்திருந்தது, எல்லாரும், பைக் கதையைச் சொன்னவர்களும் கேட்டவர்களும்.

அப்பா காஞ்சனாவின் முதுகைத் தட்டிக்கொடுத்தார். அழுகை கொஞ்சம் அடங்கியதும் கேட்டார். குரலில் கோபமே இல்லை.

"இப்ப ஒனக்கு எத்தன வயசும்மா?"

9

இதற்கு மூன்று முடிவு எழுதி வைத்திருக்கிறேன்.

முதல் முடிவில் காஞ்சனா எழுந்து போய் மைக்கைப் பிடிக்கிறார். தமிழில், பெயர் சொல்லி, கிராணியையும் சேர்த்துச் சொல்கிறார். மண்டபம் அப்பாவைத் திரும்பிப் பார்க்கிறது.

இரண்டாவதில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாளைக்கு வீட்டுக்கு வருகிறேன் மாமா என்கிறார். கார் பினாங்கு விமான நிலையத்துக்குப் போகிறது.

மூன்றாவதில் அடுத்த வருடம் புத்தகத்தின் திருத்திய பதிப்பு வருகிறது. "எல்லுக்கு எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்வோம்" என்று ஒரு புது அத்தியாயம். நளினியின் லெக்சரருக்குப் புதுக் கேள்வி கிடைக்கிறது.

எது நடந்தது என்று எனக்குத் தெரியும். பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். நான் சொல்லப்போவதில்லை. முதலாவது என்று எழுதினால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மூடி வைத்துவிடுவீர்கள். மற்ற இரண்டில் ஒன்று என்றால் அவரைத் திட்டிவிட்டுத் தூங்கப் போவீர்கள். இரண்டிலும் உங்களுக்கு வேலை ஒன்றும் இல்லை.

என் அப்பா லஞ்சம் வாங்கினார் என்று யாரும் எங்கேயும் எழுதவில்லை. வாயால்தான் சொன்னார்கள். கல்யாண வீட்டில், சாவு வீட்டில், பள்ளிக்கூட வாசலில் பிள்ளையை ஏற்றக் காத்திருக்கும்போது சொன்னார்கள். அதை எந்தப் புத்தகத்தாலும் அழிக்க முடியாது, காஞ்சனா எழுதியதாலும் சரி, நான் எழுதுகிற இதாலும் சரி. சொன்ன வாய் வந்து திரும்பச் சொல்ல வேண்டும். அந்த நாற்பத்தொரு வீட்டுக்காரர் யாராவது இதைப் படித்திருந்தால், உங்களோடுதான் பேசிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் அன்றைக்கும் குழந்தை இல்லை.

அப்பாவுக்கு எழுபத்தெட்டு ஆகிறது. அவர் பிளாட் எதுவென்று லூனாசில் உங்கள் எல்லாருக்கும் தெரியும், அதைத் தாண்டித்தானே தினம் போகிறீர்கள். மூன்றாவது மாடி, மின்தூக்கி கிடையாது, ஏறித்தான் வர வேண்டும். மத்தியானம் தூங்குவார். ஐந்து மணிக்கு மேல் வாருங்கள்.